ஒரு சிட்டிகை தீனி

மீன் தீனி டப்பாவின் மேல் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டாள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா அது. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, தீனி சமமாக உட்கார்ந்த பிறகு அதன் மட்டத்துக்கு நேராகக் கோடு. பக்கத்தில் தேதி போடவில்லை. தேதி போட்டால் கண்ணில் படும். பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரி லேபில் ஊர்க்காரர்களின் இரத்தத்தை அளந்து எழுதுகிற கை அது. நடுங்கிப் பழக்கமில்லை. ஆனால் சொந்த வீட்டில், சொந்தப் புருஷனை வேவு பார்க்கக் கோடு போடுவது முதல் தடவை இல்லையா, கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

டப்பாவுக்கு எதிரே தொட்டி. ஒன்றரை முழ நீளம், அறுபது லிட்டர். உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பக்கத்தில் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு கதை புரியாமல் போகக் கூடாது. குழாயைத் திறந்து நிரப்பிவிட்டு மறந்துபோகிற சமாச்சாரமில்லை இது. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்று விற்கிற உப்பைக் கரைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, கடலை வீட்டிலேயே சமைக்க வேண்டும். தினமும் ஒரு ஜக் தண்ணீர் ஆவியாகப் போகும். போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போகாது, உள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடுக்கும். அதனால் குறைந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை ஏழெட்டு லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் விட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தீனியில் கை நீளக் கூடாது. தின்றது, தின்னாதது எல்லாம் அந்த அறுபது லிட்டருக்குள்தானே கிடக்கப் போகிறது? வெளியே போக வழி ஏது?

அதற்குள் குடியிருப்பவர்கள்: ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், மீசை நீண்ட ஓர் இறால், கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்கிற நாலு நத்தைகள். மீனில் பெரியது பெண், சின்னது ஆண். அந்த மீன் இனத்தில் அப்படித்தான். பெரியதற்கு மேனேஜர் என்றும், அதன் பின்னாலேயே சுற்றுகிற சின்னதற்குப் பியூன் என்றும் பெயர் வைத்தது வீட்டுக்காரர்தான். "எல்லாம் நம்ம வீட்டு நிலவரம்தான்" என்றார். அவள் கையில் அப்போது கரண்டி இருந்தது. நல்லவேளை, அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நடுப்பாறையில் டார்ச். டார்ச் என்று கடைக்காரர் சொல்வது ஒரு பவளத்தை. கல் மாதிரி ஒரு தண்டு, அதில் கிளைகள், ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு வாய், அதைச் சுற்றி விரல் விரலாக நீண்ட பச்சைச் சதை. விரல் நுனியில் மட்டும் மஞ்சளாக ஒரு பொட்டு. மோட்டார் கிளப்புகிற அலையில் அந்த விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும். அப்படி ஒரு வாயும் விரல்களும் சேர்ந்தால் ஒரு தலை. வாங்கி வந்தபோது இரண்டு தலை இருந்தது. இப்போது ஏழு.

அதை வாங்கிய நாள் இரண்டு பேருக்கும் மறக்காது. மூன்று வருடமாக அவர்களுக்கு வாழ்க்கை எதிரும் புதிருமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேக்கரியில் அடுப்பு மேஸ்திரி. ஊர் விழிக்கும் முன்பே போய் மாவோடு மல்லுக்கட்டி, மதியம்தான் திரும்புவார். அவளுக்கு லேபில் மதிய ஷிப்ட். அவள் வீடு வந்து சேரும்போது அவர் முதல் தூக்கத்தை முடித்திருப்பார். அவருக்குச் செவ்வாய் லீவு, அவளுக்கு ஞாயிறு. லீவும் பேருக்குத்தான்: செவ்வாய் விடிந்ததும் அவர் பேக்கரிக்குச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் இரட்டை வேலை, அவர் வர இரவாகிவிடும். மகள் கல்யாணமாகி வேறு ஊர் போகும் வரைக்கும் இது அவ்வளவாக உறைக்கவில்லை. அவள் நடுவில் நின்று அப்பா சொன்னதை அம்மாவுக்கும் அம்மா சொன்னதை அப்பாவுக்கும் கடத்திக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகுதான், ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் குடியிருக்கிறோம் என்பது தெரிந்தது.

ஒரு நாள், வருடத்துக்கு ஒரு தடவை நடக்குமா நடக்காதா, பேருந்து ஒன்றுகூட ஓடவில்லை. அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அவராலும் சந்தைக்குப் போக முடியவில்லை. பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள், ஏதோ விருந்தாளியாக வந்தவர்கள் மாதிரி. பிறகு அவர்தான், "வா, நடந்து போய் ஏதாவது வாங்கிட்டு வரலாம்" என்றார். நாலு மைல் நடந்து தொட்டிக்கடைக்குப் போனார்கள். டார்ச்சைத் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர். குளிர் ஆகாது என்று வீட்டுக்காரர் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் அவர் வயிற்றைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. "எத்தனையாவது மாசம்?" என்றாள். "பேசாம வா, ஆட்டினா கலங்கிடும்" என்றார். அன்றைக்குத்தான், விளையாட்டாக, ஒரு கணக்குப் போட்டார்கள். டார்ச்சுக்கு எட்டாவது தலை வரும்போது லேபில் அவளுக்குக் காலை ஷிப்ட் கிடைத்துவிடும். கிடைத்தால் மதியம் இரண்டு மணியிலிருந்து படுக்கப்போகிற வரைக்கும் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம். அந்தப் பவளத்துக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஆசைப்பட்டவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கொம்பு வேண்டும்.

ஏழாவது தலை பிரிந்த வாரம் அவள் லேப் இன்சார்ஜ் அம்மாவிடம் மனு எழுதிக் கொடுத்தாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா, உனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க" என்று அவர் சொன்னதை, வீட்டு நோட்டில் எழுதாமல் விட்டுவிட்டாள்.

நோட்டு என்றேனே, அது தொட்டிப் பலகையின் கீழே ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது. ஆரம்பத்தில் தொட்டிக்கு மட்டும்தான். ஜக் தண்ணீர் ஊற்றியாயிற்று, மீட்டரில் உப்பு கடல் அளவான முப்பத்தைந்து, தீனி ஒரு சிட்டிகை. தண்ணீரும் மீட்டரும் அவள் பொறுப்பு, காலையில். தீனி அவர் பொறுப்பு, சாயங்காலம் ஐந்து மணிக்கு. போகப்போகக் கேஸ் தீர்ந்தது, மகள் பேசினாள், உன் செருப்பு தைத்து வந்தது எல்லாம் அதிலேயே ஏறியது. அவர் ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். மாவு பிசைகிறவர் கை, எழுத்து ஒவ்வொன்றும் பன் மாதிரி உப்பியிருக்கும்.

இது தவிர அவர்கள் பார்த்துக்கொள்வது பேருந்து நிறுத்தத்தில். அவர் வந்து இறங்குகிற பேருந்தும் அவள் ஏறிப்போகிற பேருந்தும் மத்தியானம் பன்னிரண்டு ஐம்பதுக்கு, தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரே நேரத்தில் வந்து நிற்கும். நடுவில் இடுப்பளவு இரும்புத் தடுப்பு. அவர் இறங்கும்போது அவள் ஏறி உட்கார்ந்திருப்பாள். சன்னல் வழியாகக் கை தூக்குவாள். அவர் புருவத்தில் மாவு இருக்கும். துடைக்கச் சொல்லித் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டுவாள். அவர் நெற்றியைத் துடைப்பார். சிக்னல் விழுந்தால் ஒரு நிமிடம். விழாவிட்டால் அதுவும் இல்லை.

"அப்பா எப்படிடி இருக்கார்? இளைச்ச மாதிரி தெரியுதே" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம் கேட்டாள்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க? செவ்வாய்க்கிழமை அவர் கேக்கறார் அம்மா எப்படி இருக்கான்னு. நான் என்ன போஸ்டாபீஸா?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இப்போது டார்ச்சுக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு அது விரல்களை முழுசாக நீட்டாமல் பாதியில் நிறுத்திக்கொண்டது. பிறகு பாறைமேல் பழுப்பாகப் பாசி கட்டியது. கண்ணாடியைத் துடைத்த மறுநாளே மறுபடி மசமசவென்று ஆனது. அவள் லேப்காரி ஆயிற்றே, விடுவாளா? சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, நிறம் மாறுவதை அட்டையோடு வைத்துப் பார்த்தாள். நைட்ரேட் ஐந்தில் இருக்க வேண்டியது. பத்து, பிறகு இருபது, அப்புறம் நாற்பது. நைட்ரேட் ஏறினால் ஒரே அர்த்தம்தான், உள்ளே ஏதோ மிஞ்சிப் போகிறது. ஒரு காலையில் பார்த்தால், பின்பக்கத்துத் தலை ஒன்றில் சதை சுருண்டு உரிந்து, வெள்ளைக் கல் தெரிந்தது. பல் போன ஈறு மாதிரி இருந்தது அது. அடுத்த வாரம் இன்னொன்று. ஏழு ஐந்தானது.

நோட்டில் அவர் எழுதியிருந்தார்: "நீ ஏதாவது கூடப் போடுறியா?"

அதற்குக் கீழே அவள் எழுதினாள்: "இல்லை. நீங்க?"

மறுநாள் அவருடைய உப்பிய எழுத்து: "ஒரு வேளைதான். ஒரு சிட்டிகைதான்."

இங்கே உங்களிடம் ஒன்றை மறைப்பதில் அர்த்தமில்லை. அவள் எழுதிய "இல்லை" பொய். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் வாயால் எவ்வளவோ சின்னச் சின்னப் பொய் சொல்லியிருப்பாள், புடவை விலை, தலைவலி என்று. பேனாவால் எழுதிக் கையெழுத்து மாதிரிக் கொடுத்த பொய் இது ஒன்றுதான். காலையில் பத்து மணிக்குத் தொட்டி விளக்குத் தானாக எரியும். சமையலை முடித்து, துணி காயப்போட்டு, வீடு மொத்தமும் ஓசை அடங்கிப்போன நேரத்தில் அவள் ஈரக்கையோடு அந்தப் பக்கம் போனால், மேனேஜர் கண்ணாடியில் மூக்கு இடிக்க ஓடி வரும். பின்னாலேயே பியூன். உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்கிற மாதிரி. அந்த வீட்டில் அவளைப் பார்த்ததும் ஓடி வருகிற உயிர் வேறு ஏது? "இருடி இருடி, வந்துட்டேன்" என்று ஒரு சிட்டிகை போடுவாள். சில நாள் இரண்டு. அதற்கு உண்மையில் பசி இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அந்த மீனுக்கு வயிறு நிறைந்திருந்தாலும் பட்டினி கிடந்த முகம்தான்.

ஆனால் ஒன்றிரண்டு சிட்டிகைக்கு நைட்ரேட் நாற்பதுக்குப் போகாது. அதுதான் அவளை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை குப்பியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தொட்டிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் முன்கோபி. ஆனால் பவளம் செத்தால் சொந்தக்காரர் போன மாதிரி மூன்று நாள் முகம் தூக்கி வைத்திருப்பார் என்று பேர். தண்ணீரைச் சோதித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேரா? ஒரு கல்யாண மண்டபமே கைகழுவின தண்ணி மாதிரி இருக்கு. யாரு தீனி போடறது?"

"அவர்தான். ஒரு வேளைதான் போடறாராம்."

"போடறாராம்!" என்றார் கடைக்காரர். "பாருங்கம்மா, தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா மிச்ச அஞ்சும் கல்லுதான். அப்புறம் அதை எடுத்து ஷோகேஸ்ல வெச்சுக்குங்க."

அதனால்தான் அந்தப் பென்சில் கோடு. முதலில் பத்துச் சிட்டிகை ஒரு தாளில் எடுத்துப் பார்த்து, பத்துக்கு டப்பாவில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டாள். பிறகு தீனியைத் திரும்பக் கொட்டிவிட்டாள். ஒரு வாரம் கழித்து அளந்தாள். முப்பத்தேழு சிட்டிகை குறைந்திருந்தது. நோட்டுப்படி ஏழு. அவள் களவாகப் போட்டது ஒன்பது. அதை அவள் நேர்மையாகவே கழித்தாள். மிச்சம் இருபத்தொன்று. தினம் மூன்று. விடையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மனுஷன் அளவு தெரியாதவரில்லை. உப்புத் தண்ணீரை நாக்கில் வைத்தே முப்பத்தைந்தா முப்பத்தாறா என்று சொல்கிறவர். மீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். மாவில் உப்பு ஒரு விரல் தப்பினால் அன்றைக்கு வேலையே ஓடாது அவருக்கு. தெரிந்தேதான் போடுகிறார். ஏன் போடுகிறார்? கேட்கலாம்தான். கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார். நோட்டில் இருக்கிற அவளுடைய "இல்லை" அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை லேபில் இரத்தம் அளக்கிற பெரிய மெஷின் மக்கர் பண்ணியது. பழுது பார்க்கிறவர் மறுநாள்தான் வருவார் என்றார்கள். இன்சார்ஜ் அம்மா ஒருத்தரை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். ஐந்து மணி வெயிலில் தன் தெருவில் நடப்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. இந்த நேரத்தில் எதிர்வீட்டுச் சுவரில் இவ்வளவு மஞ்சள் விழுமா? மாடிப்படி ஏறும்போது, அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. காற்றுக்காக மரக்கதவு திறந்தே இருந்தது. உள்ளே முக்காலியில் அவர் முதுகு. எதிரே தொட்டி. பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"...வேன் டிரைவர் இருக்கானே, ரெண்டு ட்ரே பன்னை வண்டிக் கூரைமேல வெச்சுட்டு, மறந்துபோயி அப்படியே கெளம்பிட்டான், மேனேஜர். தெரு பூரா பன்னு. பின்னாடி ரெண்டு நாய், நிதானமா, ஊர்வலம் மாதிரி வருது. இவன் கண்ணாடில பாத்துட்டு, நாய் தொரத்துதுன்னு இன்னும் வேகமா ஓட்டறான்!" அவர் தோள் குலுங்கியது. "அவகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா. சொல்லணும்னு ரெண்டு நாளா வெச்சிருக்கேன். முழிச்சிருக்கலாம்னுதான் பாக்கறேன். கண்ணு சொருகிடுது." டப்பா மூடி திறக்கிற சத்தம். ஒரு சிட்டிகை.

அவள் கம்பியில் வைத்த கையை எடுத்தாள்.

"முட்டி வலிக்குது. அவகிட்ட சொல்லல. சொன்னா ஊசியோட வந்து நிப்பா, ரத்தம் குடுன்னு." இன்னொரு சிட்டிகை. "காலைல கெளம்பறப்ப அவ தூங்கறா. வாய் லேசா தொறந்திருக்கும். எழுப்பி ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு இருக்கும். கை தோள் வரைக்கும் போகும். பாவம், அப்பத்தான வந்து படுத்தா. திரும்ப எடுத்துக்குவேன். என்ன பண்ணச் சொல்ற?"

மேனேஜர் கண்ணாடியை விட்டு நகரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது போல.

அவள் பின்வாங்கி மேல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் அவர் பேசி அவள் கேட்டதையெல்லாம் சேர்த்தாலும் இந்தப் பத்து நிமிடத்துக்கு வராது. அவர் குரலில் இவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கல்யாணமான புதிதில், மாவு வாசனையோடு வந்து படுத்து, பேக்கரிக் கதையெல்லாம் சொல்லி அவளைத் தூங்கவிடாமல் அடித்த அதே குரல். உள்ளே போகலாம். போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எழுந்திருப்பார், "என்ன சீக்கிரம்?" என்பார், தேநீர் போடட்டுமா என்பார், இரண்டு பேரும் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். இந்தப் பேச்சு நின்றுபோகும். இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் என்ன? நாளைக்கும் ஏதாவது மெஷின் கெட்டுப்போகட்டுமே. கடவுளே, நோயாளிகள் சம்பந்தப்பட்ட விஷயம், என்ன புத்தி இது என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

மூடி மறுபடி திறந்தது. மூன்றாவது. எட்டிப் பார்த்தாள். அவர் தோளுக்கு அந்தப் பக்கம் டார்ச் தெரிந்தது. ஐந்து தலையும் விரலை உள்ளே இழுத்து, முஷ்டி மூடின மாதிரி இருந்தது. தின்னப்படாத தீனித் துகள்கள் அதன்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. அவர் கை மறுபடி டப்பாவுக்குப் போனது.

அவள் கம்பிக் கதவைத் திறந்தாள்.

"ஏங்க."

மூடி கீழே விழுந்து உருண்டது. "என்ன, என்ன ஆச்சு? உடம்பு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. மெஷின் ரிப்பேர்." பையைக் கீழே வைத்தாள். "நீங்க பேசுங்க. தீனி மட்டும் போடாதீங்க."

அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவில் இன்னும் அந்தச் சிட்டிகை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தார். டப்பாவில் திரும்பப் போடவும் இல்லை, கீழே உதறவும் இல்லை.

"யாரு பேசினா?" என்றார்.

"நாய் ஊர்வலம் வந்துச்சே."

அவர் காது சிவந்தது. ஐம்பத்தோரு வயது மனுஷனுக்குக் காது சிவக்குமா என்று கேட்டால், சிவந்தது, அவ்வளவுதான்.

"சும்மா நின்னு பேசினா அது போயிடும்மா" என்றார், தலையைக் குனிந்தபடி. "பாறைக்குப் பின்னாடி போயிடும். ஒரு சிட்டிகை போட்டா கொஞ்ச நேரம் இருக்கும்."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நானும் போட்டேன்" என்றாள். "காலைல. ஒண்ணு. சில நாள் ரெண்டு."

"நோட்டுல இல்லன்னு எழுதியிருந்தியே?"

"நீங்க மட்டும் என்ன எழுதியிருந்தீங்க?"

"நான் எழுதினதுக்கு மேல மூணு" என்றார்.

"தெரியும். அளந்தேன்."

"அளந்தியா!" அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். கோணல் கோட்டைக் கண்டுபிடித்ததும், அவருக்குள்ளிருந்து ஒரு சிரிப்புப் புறப்பட்டு வந்தது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து முடித்தபோது இரண்டு பேருமே டார்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாகிப் போன அந்த இரண்டு கிளைகளையும்.

"ரெண்டு பேரும் சேந்து கொன்னுட்டோமே" என்றார்.

"இன்னும் சாகல. எந்திரிங்க. முட்டியப் பாத்து எந்திரிங்க."

வாளியில் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர் தயாராக இருந்தது. அவள் குழாயைத் தொட்டிக்குள் பிடித்துக்கொள்ள, அவர் மறுநுனியில் வாய் வைத்து உறிஞ்சி, ஒரு வாய் முழுக்க வாங்கித் துப்பினார். "முப்பத்தாறு இருக்கும்" என்றார். மீட்டரில் முப்பத்தாறு. "காலைல தண்ணி ஊத்த மறந்துட்டியா?" "மறந்துட்டேன்." பாறை இடுக்கில் கிடந்த பழைய தீனியெல்லாம் பழுப்பாகக் குழாய் வழியே வாளிக்கு இறங்கியது. இரண்டு மாதம் பேசின பேச்சு மொத்தமும் அங்கேதான் கிடந்தது என்று அவளுக்குத் தோன்றியது. புதுத் தண்ணீரை அவர் மிதக்கவிட்ட ஒரு தட்டின்மேல் மெதுவாக ஊற்றினார், அலை எழும்பாமல். இன்சார்ஜ் அம்மா அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டதை அப்போது சொன்னாள். அவர் ஊற்றுவதை நிறுத்தாமல், "சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "எட்டாவது தலையை யாரு கேட்டா, இருக்கறது இருந்தா போதும்" என்றார்.

ஆறு மணிக்குத் தொட்டி விளக்கு வெள்ளையிலிருந்து நீலமானது. ஒரே ஒரு முறை சேர்ந்து பார்த்திருக்கிறார்கள் அந்த நீலத்தை, பேருந்து ஓடாத அந்த நாளில். அவர் கதை சொன்னார். அடுப்புக் கதவுக்கு ஸ்பிரிங் போய்ச் செங்கல் முட்டுக் கொடுத்தது, கேக்கில் பெயரை மாற்றி எழுதி ஒரு பிறந்தநாளே சண்டையானது. மேனேஜர் இரண்டு தடவை வந்து பார்த்தது. கை காலியாக இருப்பது தெரிந்ததும் பின்பக்கம் போய்விட்டது. அவர் சொன்னபடியேதான். அவள் போகவில்லை. ஏழரை மணிவாக்கில், வேன் டிரைவர் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, நாய் வருகிற இடத்துக்குப் போகுமுன் அவர் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. மனுஷர் வாக்கியத்தின் நடுவில் தூங்கிப்போனார். அவள் எழுப்பவில்லை. மிச்சம் அவளுக்குத்தான் தெரியுமே.

மறுநாள் மெஷின் சரியாகிவிட்டது. அவரவர் பேருந்து, அவரவர் நேரம். நோட்டில் ஒரு மாற்றம் மட்டும் வந்தது. "தீனி 1" என்று எழுதிய பிறகு அவர் கீழே கதையும் எழுத ஆரம்பித்தார். உப்பிய எழுத்தில் நாலு வரி, ஐந்து வரி. வாசித்து அவள் காலையில் தனியாகச் சிரிப்பாள். பதிலுக்குத் தானும் எழுதுவாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டில் குரல் கேட்காது பாருங்கள். அந்தத் தோள் குலுங்குவது தெரியாது. மேனேஜர் கண்ணாடியில் வந்து முட்டும்போதெல்லாம், சேலை முந்தானையில் கையை முடிந்துகொள்ளாத குறையாக, அவள் டப்பாவைப் பார்க்காமல் நகர்ந்து போனாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏழு லிட்டர் மாற்றினார்கள், ஒரு நாள் அவள், ஒரு நாள் அவர். நைட்ரேட் முப்பது. பிறகு இருபது. டார்ச் மட்டும் முஷ்டியைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தரைக்கு, ஜக்கோடு போனவள் அப்படியே நின்றாள். முன்பக்கத்துத் தலையில் விரல்கள் வெளியே வந்திருந்தன. குட்டையாக, வெளிறிப்போய், ஆனால் மஞ்சள் பொட்டோடு. அடுத்ததிலும். மூன்றாவதிலும். நாலாவது பாதி வந்து, யோசித்துக்கொண்டு நின்றது. ஐந்தாவது மூடித்தான் இருந்தது. நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. அவர் வந்து வாசிக்கும்போது அவள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. இதை ஒன்றையாவது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இரண்டு பேருந்தும் வந்து நின்றன. அவள் சன்னலோர இடத்தைக் கிட்டத்தட்டச் சண்டை போட்டுப் பிடித்திருந்தாள். அவர் இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, வழக்கம்போலத் தேடினார். புருவத்தில் மாவு. அவள் இன்றைக்குப் புருவத்தைத் தொட்டுக் காட்டவில்லை. கையை முழுசாக வெளியே நீட்டி மூன்று விரலைக் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை. மூன்று என்று தானும் விரலைக் காட்டி, என்ன என்று தலையை ஆட்டினார். அவள் நாலாவது விரலைத் தூக்கி, பாதியில் மடக்கிப் பிடித்தாள். சிக்னல் விழுந்திருந்தது. அவர் இரும்புத் தடுப்பு வரைக்கும் வந்துவிட்டார். மூன்று விரல், ஒரு மடங்கிய விரல். அவற்றைக் கொஞ்சம் அசைத்தாள், அலையில் சாய்கிற மாதிரி. அவர் வாய் மெல்லத் திறந்தது. ஏதோ கேட்டார். பேருந்துச் சத்தத்தில் அது வந்து சேரவில்லை. வண்டி நகர்ந்தது. அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெருவளைவு வரைக்கும் அவர் அங்கேயே நின்றார். ஆட்கள் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூன்று விரலை நீட்டி, மடங்கிய நாலாவதை மட்டும் நிமிர்த்தலாமா என்று கேட்கிற மாதிரி மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்.